ஒரே பெட்டிக்குள் இரண்டு வேலைகளா?

விண்வெளி வானிலையை, அதாவது சூரியனின் சீற்றங்களால் பூமியைச் சுற்றியுள்ள வெளியில் ஏற்படும் மாற்றங்களை, ஆராயும் கருவியையும் புதுவகைத் தொலைத்தொடர்புக் கருவியையும் ஒரே சிறிய செயற்கைக்கோளில் ஏற்றி அனுப்பும் திட்டங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு குறையும் கூடவே வருகிறது. இடத்துக்கும் மின்சாரத்துக்கும் ஏற்கெனவே பஞ்சமாக இருக்கும் பெட்டியில் இரண்டு நோக்கங்களை ஏன் திணிக்க வேண்டும், ஒன்றையாவது உருப்படியாகச் செய்யலாமே என்பார்கள். சிறிய செயற்கைக்கோள்களை ஒரே அளவுப் பெட்டிகளாகக் கட்டுவதற்கு 1999இல் வகுக்கப்பட்ட கியூப்சாட் முறையில் ஓர் அலகு என்பது 10 சென்டிமீட்டர் கனசதுரம். அப்படி மூன்றை அடுக்கினாலும் ஒருவர் கையில் தூக்கிவிடும் கனம்தான் வரும் என்பதால், கேள்வி நியாயமானதே. ஆனால் இவற்றை இரண்டு வேலைகளாக எண்ணுவதில்தான் பிழை இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

செயற்கைக்கோளிலிருந்து புறப்படும் வானொலி அலை, தரையைத் தொடுவதற்கு முன், மேல்வளிமண்டலத்தில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த பகுதியான அயனி மண்டலத்தைக் கடந்தாக வேண்டும். அங்குள்ள எலக்ட்ரான்கள் அதன் போக்கைப் பாதிக்கின்றன. அதிர்வெண் குறைவாக இருந்தால் பாதிப்பு கூடுகிறது. ஒரே செயற்கைக்கோளிலிருந்து 150 மெகாஹெர்ட்ஸிலும் 400 மெகாஹெர்ட்ஸிலும் ஒருங்கே அலைகளை அனுப்பி, அவை வந்து சேரும்போது காட்டும் வேறுபாட்டைத் தரையில் அளந்தால், வழியிலிருந்த எலக்ட்ரான் திரளில் ஏற்படும் மாற்றத்தைக் கணக்கிட்டுவிடலாம். காந்த நடுக்கோட்டை ஒட்டிய வானில், சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் எழும் குமிழிகள், விண்மீன்கள் கண்சிமிட்டுவதைப் போலச் சமிக்ஞையையும் மினுக்கச் செய்கின்றன. தொலைத்தொடர்புப் பொறியாளருக்கு இது தொல்லை, அயனி மண்டல ஆய்வாளருக்கோ இதுதான் தரவு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2011 அக்டோபரில் ஏவப்பட்ட ராக்ஸ்-2 என்ற கியூப்சாட் இதையே வேறொரு வழியில் செய்தது. அலாஸ்காவிலுள்ள பெரிய ரேடார் தரையிலிருந்து அலைகளை அனுப்ப, அயனி மண்டலத்தின் ஒழுங்கின்மைகளில் பட்டுச் சிதறி வந்தவற்றை இந்தச் சிறிய பெட்டி மேலிருந்து வாங்கிப் பதிவு செய்தது. தன் நிலையைப் பற்றி அது அனுப்பிய தொலையளவைத் தரவுகளை, உலகெங்கும் பொழுதுபோக்காக வானொலி இயக்கும் ஹாம் ஆர்வலர்கள் பிடித்துக் கொடுத்து உதவினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அறிவியலுக்கும் தொலைத்தொடர்புக்கும் உள்ள இந்த உறவு புதிதும் அல்ல. 1958 ஜனவரி இறுதியில் ஏவப்பட்ட அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர்-1, ஏறத்தாழ 14 கிலோ எடை கொண்டது. இன்றைய கணக்கில் அதுவும் சிறிய செயற்கைக்கோளே. அதில் பதிவுநாடாக் கருவி இல்லாததால், தரைநிலையம் ஒன்றின் கண்ணில் படும் நேரத்தில் மட்டுமே அளவீடுகள் கிடைத்தன. அவற்றிலும் சில இடங்களில் துகள் எண்ணிக்கை சுழியமாக இருந்தது ஒரு புதிராகவே நின்றது. மார்ச் மாதம் சென்ற எக்ஸ்ப்ளோரர்-3 பதிவுநாடாவோடு சென்று, முழுச் சுற்றுக்கான தரவையும் சேமித்துக் கீழே அனுப்பிய பிறகுதான், கதிர்வீச்சு அளவுக்கு மீறி அடித்ததால் எண்ணும் கருவியே திக்குமுக்காடிப் போயிருக்கிறது என்பது தெளிந்தது. பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களான வான் ஆலன் பட்டைகள் கண்டறியப்பட்ட கதையில் உணரிக்கு உள்ள பங்கு, தரவைச் சேமித்துத் தரைக்குச் சேர்த்த ஏற்பாட்டுக்கும் உண்டு.

இன்றும் முட்டுக்கட்டை அங்கேதான். தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள் ஒரு தரைநிலையத்துக்கு மேலே ஒரு முறை கடக்கும்போது அதிகபட்சம் பத்து நிமிடங்கள் அளவே தென்படும். பல்கலைக்கழகக் கியூப்சாட்கள் பலவற்றில் உள்ள, நொடிக்கு 9,600 பிட் வேகமுள்ள வானொலி, அந்தப் பத்து நிமிடமும் இடைவிடாமல் அனுப்பினாலும் 720 கிலோபைட்தான் இறங்கும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே பெரும்பாலும் அதைவிடப் பெரியது. உணரி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், அதன் அளவீடு மறுநாள் வந்து சேர்ந்தால் அது வரலாறாகுமே ஒழிய வானிலை ஆகாது. 2022 பிப்ரவரியில், சூரியனின் சீற்றத்தால் பூமியின் காந்தப்புலம் குலையும் புவிகாந்தப் புயல்களில் பெரிதென்று சொல்ல முடியாத ஒன்றில் மேல்வளிமண்டலம் தடித்து, அப்போதுதான் ஏவப்பட்டிருந்த 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை கீழே இழுக்கப்பட்டு எரிந்துபோயின. இத்தகைய நேரத்தில் மணிக்கணக்குத் தாமதம்கூட அதிகம்.

ஆயினும் இந்த இணைப்பை நிபந்தனையின்றி ஆதரிக்க என்னால் இயலாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் மூன்று அலகு கியூப்சாட்டான சிர்பி, 2024 ஏப்ரல் 15 அன்று கோளாறால் மௌனமாகி, ஜூன் 15 அன்றுதான் மீண்டும் பேசியது. இடைப்பட்ட மே மாதத்தில்தான் இருபது ஆண்டுகளில் காணாத வலிமையுள்ள புவிகாந்தப் புயல் பூமியைத் தாக்கியது. விழித்தபின் அது, புயல் உண்டாக்கிய இரண்டு புதிய தற்காலிகக் கதிர்வீச்சுப் பட்டைகளைக் கண்டறிந்தது உண்மையே; ஆனால் புயல் வீசிய நாட்களின் அளவீட்டை இனி எந்தக் கருவியாலும் திரும்ப எடுக்க முடியாது. அக்டோபரில் சிர்பியும் வளிமண்டலத்துக்குள் இறங்கி எரிந்துவிட்டது.

ஆகவே, சோதனைக்காக ஏற்றப்படும் புதிய வானொலியை மட்டுமே நம்பி அறிவியல் தரவை அனுப்பும் வடிவமைப்பை நான் ஏற்கமாட்டேன். அதன் பக்கத்தில், மெதுவானதானாலும் பலமுறை பறந்து தேறிய ஒரு பழைய யுஎச்எஃப் (மீஉயர் அதிர்வெண்) வானொலிக் கருவி தனி ஆண்டெனாவோடு இருக்க வேண்டும். அதற்கான எடைக்காக உணரிகளில் ஒன்றை இறக்கிவைக்க நேர்ந்தாலும் எனக்குச் சம்மதமே.