காட் ரோடுன்னு சொல்ற டிரைவர்தான் கரெக்டா சொல்றார்

மேற்குத் தொடர்ச்சி மலையை வெஸ்டர்ன் காட்ஸ்னு இங்கிலீஷ்ல எழுதுறப்ப ஒரு மலைத்தொடரோட பேரை எழுதுறோம்னுதான் எல்லாரும் நினைச்சிட்டிருக்கோம், ஆனா அந்தப் பேர்ல மலையே கிடையாதுங்க. காட்னா துறை, படி, இறங்குற வழி. காசில கங்கைக்கு இறங்குற படிக்கட்டெல்லாம் காட், நம்ம பெரியவங்க தசாஸ்வமேத கட்டம்னு சொல்வாங்களே அதே வார்த்தைதான், மும்பைல துணி துவைக்கிற தோபி காட்டும் அதேதான். மராத்திக்காரங்க இதையே மலைல ஏறி இறங்குற கணவாய்க்கும் சொன்னாங்க. கொங்கண் கடற்கரைல இருந்து புனே பக்கம் ஏறணும்னா போர் காட், நாசிக் பக்கம் ஏறணும்னா தல் காட். மலைக்கு சகியாத்ரின்னு தனியா ஒரு பேர் இருந்துச்சு, அதுபாட்டுக்கு இருந்துச்சு. கப்பல்ல வந்து இறங்குன வெள்ளைக்காரனுக்கு மலை முக்கியமில்ல, மேல போற வழிதான் முக்கியம், வழியோட பேரை எடுத்து மொத்த மலைக்கும் வச்சு கடைசில ஒரு எஸ் சேர்த்து மேப்ல ஏத்திட்டான்.

மகாராஷ்டிரால ஜுன்னர் பக்கத்துல நானேகாட்னு ஒரு கணவாய் இருக்கு. சாதவாகனர் காலத்துல கல்யாண் பக்கம் துறைமுகங்கள்ல இறங்குன சரக்கு மேல போன வழி. உச்சில பாறையைக் குடைஞ்சு ஒரு குகை, உள்ள சுவர் முழுக்க பிராமி எழுத்து, ராணி நாகனிகா பேரால சொல்ற கல்வெட்டு, எந்தெந்த யாகத்துக்கு எத்தனை பசு, எத்தனை காசு தானம் குடுத்தாங்கன்னு எண்ணெல்லாம் போட்டு வெட்டியிருக்கு. வெளிய வழியோரத்துல ஆளுயரத்துக்கு ஒரு கல் ஜாடி, சுங்கக் காசு போடுறதுக்குன்னு அங்க உள்ளவங்க சொல்லுவாங்க. காட்ங்குற வார்த்தைக்கு அர்த்தம் அங்க நின்னா புரியும். சுங்கம் வாங்குற இடம்யா அது, சிகரம் இல்ல.

இன்னொன்னு, மகாராஷ்டிரா பக்கம் அந்தப் பேர் ஒரு மாதிரி பொருந்தவும் செய்யுது. அங்க உண்மையில மலைத்தொடர்னு ஒண்ணு எழும்பி நிக்கல, தக்காண பீடபூமியோட மேற்கு விளிம்பு அப்படியே கடல் பக்கம் இறங்குது, எரிமலைக் குழம்பு அடுக்கடுக்கா உறைஞ்ச பாறைங்கிறதால தூரத்துல இருந்து பாத்தா படிக்கட்டு மாதிரியே தெரியும். புவியியல்காரங்க அந்தப் பாறைக்கு டெக்கான் டிராப்ஸ்னு வச்ச பேரும் படிக்கட்டுங்கிற ஸ்வீடிஷ் வார்த்தைல இருந்து வந்ததுதான். ஆனா தெற்க வர வர இந்தக் கதை செல்லாது. 2,695 மீட்டர் ஆனைமுடியைப் பாத்து படிக்கட்டுன்னு சொல்ல முடியுமா? தேனில நின்னு மேற்க பாத்தா சுவர் மாதிரி நிக்குது, அதுவா விளிம்பு?

சரி, நம்ம தமிழ்ல என்ன பண்ணோம்? மலையாளத்துக்காரன் பச்சிமகட்டம்னு வச்சான், கன்னடத்துக்காரன் பச்சிம கட்டன்னு வச்சான், ரெண்டு பேரும் அந்த வார்த்தையை விடல. மங்களூர்ப் பக்கம் இன்னிக்கும் கட்டத்துக்கு மேல, கட்டத்துக்குக் கீழன்னுதான் ஊரைப் பிரிச்சுப் பேசுவாங்க. ஆற்காடு நவாப் காலத்துல நம்ம பக்கத்தையே கர்நாடிக் பாயின்காட்னு எழுதுனாங்க, கணவாய்க்குக் கீழ இருக்க சீமைன்னு அர்த்தம், மேல இருக்கது பாலாகாட். நம்ம பாடப்புத்தகம் மட்டும் தொடர்ச்சி மலைன்னு ஒண்ணைப் பிடிச்சுச்சு. மேற்குத் தொடர்ச்சியாவது போகட்டும்னு விடலாம், பாலக்காட்டுல சுமார் 30 கிலோமீட்டருக்கு வாயைப் பிளந்துட்டு நிக்கிறதை மறந்துட்டு. கிழக்குத் தொடர்ச்சி மலைன்னு வச்சாங்க பாருங்க, அதுதான் எனக்கு தாங்கவே முடியல. மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவேரின்னு ஆறெல்லாம் துண்டு துண்டா வெட்டிப் போட்ட மலைங்க அது, ஜவ்வாது ஒரு பக்கம், கல்வராயன் ஒரு பக்கம், கொல்லிமலை ஒரு பக்கம், தொடர்ச்சியே இல்லாததுக்குப் பேரு தொடர்ச்சி. நாலாங்கிளாஸ் பையன் கேட்டா டீச்சர் என்ன பதில் சொல்வாங்க?

பாலக்காடுன்னதும் ஞாபகம் வருது, அதை பால்காட்னு இங்கிலீஷ்ல எழுதி வச்சு, அங்கயும் ஒரு காட் இருக்குன்னு நினைக்கிற மாதிரி ஆக்கிட்டாங்க. அது காடுங்க. பாலை மரக் காடுன்னு சொல்வாங்க. இத்தனைக்கும் அந்தத் தொடர்லயே பெரிய கணவாய் அதுதான், கிணத்துக்கடவு, பொள்ளாச்சி வரைக்கும் காத்து வீசுறது அந்த வழியாத்தான்.

இதுல ஒழுங்கா பேசுறது யாருன்னா பஸ் டிரைவர். வத்தலகுண்டுல கொடைக்கானல் பஸ் ஏறுங்க, மட்டமான ரோட்டுல வந்தவர் மலை ஏற ஆரம்பிச்சதும் கியரைக் குறைச்சு ஹாரனை அழுத்தி அழுத்தி வளைவுல திருப்புறப்ப, காட் ரோட்டுல ஓவர்டேக் பண்றான் பாரு கிறுக்கன்னு திட்டுவார். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, கல்லட்டிக்கு 36, எல்லாமே அவருக்கு காட் ரோடு. மலையை அவர் காட்னு சொல்றதே இல்ல, மலைக்கு மலைன்னுதான் சொல்வார். நானேகாட்ல காசு வசூலிச்சவனுக்கும் இவருக்கும் வார்த்தை ஒண்ணுதான். அங்க குடியிருக்கவங்களும் அப்படித்தான், மன்னவனூர்க்காரர் மேல்மலைன்னுவார், தாண்டிக்குடிக்காரர் கீழ்மலைன்னுவார், நான் மேற்குத் தொடர்ச்சி மலைல இருக்கேன்னு ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்ல.

பேர்ல என்னய்யா இருக்குன்னு கமெண்ட்ல வருவீங்க, அதனால சொல்றேன். 2012ல யுனெஸ்கோ வெஸ்டர்ன் காட்ஸ்னு 39 இடங்களை உலகப் பாரம்பரிய லிஸ்ட்ல சேர்த்துச்சு. இந்த மலையைப் பாதுகாக்க மத்திய அரசு போட்ட காட்கில் கமிட்டி 2011ல ரிப்போர்ட் குடுத்தப்ப வெஸ்டர்ன் காட்ஸ் கிட்டத்தட்ட 1,29,000 சதுர கிலோமீட்டர், ரெண்டு வருசம் கழிச்சு கஸ்தூரிரங்கன் கமிட்டில 1,64,000. மலை வளரல. ஒரே பேருக்கு ரெண்டு கமிட்டி ரெண்டு கோடு போட்டுச்சு. கணவாய்க்கு எல்லை தெரியும், ஆனைமலைக்குத் தெரியும், வழியோட பேரைத் தூக்கி ஆறு மாநிலத்துக்கு மேல விரிச்சா எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு யாருக்குத் தெரியும்? அந்தக் கோட்டுக்கு உள்ள தன் தோட்டம் இருக்கா வெளிய இருக்கான்னு தெரியாமதான் ஜனங்க ரோட்டுக்கு வந்து கத்துனாங்க, அதுல பாதி பயம் வதந்தி, மீதி நியாயம்.

இங்கிலீஷ்ல வெஸ்டர்ன் காட்ஸ் இருந்துட்டுப் போகட்டும், உலகம் முழுக்கப் பழகிருச்சு, இனிமே மாத்த முடியாது. தமிழ்லயாவது இந்தத் தொடர்ச்சியை விட்டுத் தொலைக்கலாம். பட்டினப்பாலையில சந்தனமும் அகிலும் வந்த இடத்தை "குடமலைப் பிறந்த ஆரமும் அகிலும்"னு எழுதியிருக்கு, குடக்குன்னா மேற்கு, ரெண்டே சொல்லுல வேலை முடிஞ்சது. அது எங்க குடகு மலை மட்டும்தான்னு மடிக்கேரில இருந்து சண்டைக்கு வருவாங்க. வரட்டும், காவேரித் தண்ணிக்கே சண்டை போடுறோம், இதுக்குப் போட மாட்டோமா.