அப்பாவின் கை ஞாபகம் வந்தது
பனையேறிகள் பற்றிய கட்டுரையைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பக்கம்தான் எங்கள் ஊர். பதநீர் சீசன் வந்தால் விடியுமுன்னே பாளை சீவும் அருவாளோடு கிளம்பிவிடுவார், தினமும் முப்பது மரம், காலையில் ஒருதரம் சாயங்காலம் ஒருதரம், பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித் தடவி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். நெஞ்சில் மரம் உரசிய காய்ப்பு வேறு. அம்மா பதநீரை விடிலியில், அதாவது காய்ச்சுகிற குடிசையில், காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்பார். ஆனால் முன்கூட்டியே வியாபாரியிடம் பணம் வாங்கியிருப்போம், அப்புறம் அவர் சொன்னதுதான் விலை. அதில்தான் அப்பா பிள்ளைகள் எங்கள் மூன்று பேரையும் படிக்கவைத்தார். இன்று உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அங்கீகாரம், இருக்கிறது, சந்தோஷம்தான், ஆனால் சீனி கலந்ததையும் அதே பெயரில் விற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தயவுசெய்து விசாரித்து வாங்குங்கள், முடிந்தால் பனையேறியிடமே நேரில் வாங்குங்கள்.