மீதி பில்லு வேணாமாம், பாடிய வாங்கிக்கங்க

தனியார் ஆஸ்பத்திரில ஒருத்தர் செத்துட்டா நம்ம ஊர்ல என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். சொந்தக்காரங்க வாசல்ல உக்காருவாங்க, கொஞ்சப் பேர் ரோட்டை மறிப்பாங்க, இன்ஸ்பெக்டர் வருவார், ஏரியா கட்சிக்காரர் ஒருத்தர் உள்ள போய் பேசிட்டு "மீதி பில்லு வேணாமாம், பாடிய வாங்கிக்கங்க"ன்னு வெளிய வருவார். அவ்ளோதான், முடிஞ்சுது. எங்க சொந்தத்துலயே நடந்துச்சு. பித்தப்பை கல்லு ஆபரேஷனுக்கு பஸ் ஏறிப் போன மாமா ஆம்புலன்ஸ்ல வந்தார். "எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை"ன்னு எழுதி வச்ச பேப்பர்ல அத்தைகிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. போஸ்ட்மார்ட்டம் வேணாம்னு சொன்னது நம்ம பெருசுங்கதான், செத்த உடம்ப எதுக்குப்பா அறுத்துக்கிட்டுன்னு. டாக்டர் தப்பு பண்ணார்னு நான் சொல்ல வரல. பண்ணாரா இல்லையான்னே இனிமே யாருக்கும் தெரியாது, என் கோவமே அதுலதான்.

நஷ்டஈடுன்னு வாயத் திறந்தா "உயிருக்கு விலை பேசுறியா"ன்னு கேப்பாங்க. பில்லைத் தள்ளுபடி பண்ணி வாங்குறதும் விலைதானே சாமி, அதுவும் ஆஸ்பத்திரிக்காரன் சொன்ன விலை.

எழும்பூர் கேஸ் எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல. 1996 ஆகஸ்ட்ல எழும்பூர் அரசு ஆஸ்பத்திரில குறைமாசத்துல ஒரு பொண்ணு பொறந்துச்சு, 29 வாரம், எடை 1250 கிராம்தான். இன்குபேட்டர்ல வச்சு ஆக்சிஜன் குடுத்து காப்பாத்திட்டாங்க, அது பெரிய விஷயம்தான், மறுக்கல. ஆனா இப்படிப் பொறக்குற குழந்தைக்கு விழித்திரை கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு, ரெண்டுலேருந்து நாலு வாரத்துக்குள்ள கண்ணைப் பாக்கணும். யாரும் பாக்கல, பாக்கச் சொல்லவும் இல்ல. சில மாசம் கழிச்சு தடுப்பூசி போட வெளில ஒரு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனப்பதான் சந்தேகம் வந்துச்சு, அதுக்குள்ள பார்வை போயிருச்சு. அப்பா கேஸ் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2009ல குடுத்தது 5 லட்சம். அந்த மனுஷன் அதோட விடல, சுப்ரீம் கோர்ட் போனார், 2015 ஜூலைல வந்த தீர்ப்பு 1 கோடியே 80 லட்சம். அதுல 42 லட்சத்துக்கு மேல அதுவரைக்கும் ஆன வைத்தியச் செலவு மட்டும். மிச்சம் அந்தப் பொண்ணு வாழ்நாள் பூரா ஆகப்போற செலவு, விலைவாசி ஏறுறதையும் சேத்துக் கணக்குப் போட்டது. இதுல உயிருக்கு விலை எங்க இருக்கு, பில்லும் கூட்டல் கணக்கும்தான் இருக்கு.

அதனாலதான் பேப்பர் பேப்பர்னு சாகுறேன். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் பத்தாது, முழு கேஸ் ஷீட்டு வேணும், நர்ஸ் எழுதுற சார்ட்டு, மயக்க மருந்து நோட்ஸ், லேப் ரிப்போர்ட் எல்லாம். எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துல குடுத்தாகணும்னு மெடிக்கல் கவுன்சில் 2002லயே விதி போட்டிருக்கு. வாயால கேட்டா "எம்.ஆர்.டி. (ரெக்கார்டு வைக்கிற பிரிவு) ஆளு லீவு"ன்னுதான் பதில் வரும், லெட்டர் குடுத்து காப்பில சீல் வாங்குங்க. அப்புறம் இன்னொன்னு, ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்து போட்டுட்டோமே இனி என்ன கேக்க முடியும்னு பாதிப் பேர் அங்கயே அடங்கிடுறாங்க. ஆபரேஷன் பண்ணத்தான் சம்மதம் குடுத்தோம், அஜாக்கிரதையா பண்றதுக்கு இல்ல.

டாக்டரை ஜெயில்ல போடணும்னு குதிக்கிறவங்களுக்கு: அது வேற ரூட்டு. 2005ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, கிரிமினல் கேஸ்னா மிக மோசமான அலட்சியமா இருக்கணும். நஷ்டஈட்டுக்கு அவ்ளோ தேவையில்ல, ஆனாலும் ஆளு பிழைக்கலங்கறது மட்டும் அலட்சியம் ஆகாது. கத்தியத் தூக்குறவன பத்தி பேசவே வேணாம், 2024 நவம்பர்ல கிண்டி ஆஸ்பத்திரில புற்றுநோய் டாக்டரைக் குத்துனவன், அங்க வைத்தியம் பாத்த தன்னோட அம்மாவுக்கு என்னத்த வாங்கிக் குடுத்தான்?

அரசு ஆஸ்பத்திரின்னா கொஞ்சம் சிக்கல், எழும்பூர் கேஸ் மாதிரி எல்லாத்தையும் நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோக முடியாது. டாக்டர்களும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வருவாங்கன்னு 1995 தீர்ப்பு சொன்னாலும், எல்லாருக்கும் முழுசா இலவசமா பாக்குற இடத்தை அதுல சேக்கல. அதுக்கு சிவில் கோர்ட் இல்லன்னா ஹைகோர்ட்ல ரிட். சாத்தூர்ல 2018ல கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. ரத்தம் ஏத்துன கொடுமைல மதுரை ஹைகோர்ட் தலையிட்டுத்தான் 25 லட்சம் வந்துச்சு. 2022ல மூட்டு ஜவ்வு ஆபரேஷனுக்கு அப்புறம் இறந்து போன சென்னை கால்பந்து வீராங்கனை வீட்டுக்கு அரசாங்கமே 10 லட்சம் குடுத்துச்சு, ஊரே டிவில பாத்துக்கிட்டு இருந்துச்சு, குடுத்தாங்க. டிவில வராதவன் வீட்டுக்கு யார் செக் எடுத்துட்டு வருவா?

கன்ஸ்யூமர் கோர்ட்னா, அதாவது இந்த நுகர்வோர் ஆணையம்னா, வக்கீலுக்கு கொட்டணும்னு பயப்படுறாங்க. ஆஸ்பத்திரிக்கு கட்டுன பணம் 5 லட்சம் வரைக்கும்னா கோர்ட் ஃபீஸே கிடையாது. 2019 நுகர்வோர் சட்டம் வந்த பிறகு ஆஸ்பத்திரி மதுரைல இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். நோட்டீஸ் போய்ச் சேந்து மூணு மாசத்துல முடிக்கப் பாக்கணும்னும் அதே சட்டத்துல எழுதியிருக்கு, படிச்சப்ப சிரிப்புதான் வந்துச்சு, எழும்பூர் பொண்ணுக்கு கடைசித் தீர்ப்பு வந்தப்ப வயசு பதினெட்டு. தெருத்தெருவா ஆஸ்பத்திரி தொறக்க ரிப்பன் வெட்டுற எம்எல்ஏக்கள்ல ஒருத்தராவது இந்த ஆணையத்துல காலியிடம் எத்தனைன்னு சட்டசபைல கேட்டா நல்லாருக்கும்.