இடம் கொடுக்கும் திடல்

பொது நிகழ்ச்சிகளுக்காக ஒரு திடலை வடிவமைக்கும்போது பெரும்பாலும் முதலில் கட்டப்படுவது கான்கிரீட் மேடைதான். அது கடைசியாக யோசிக்க வேண்டியது என்பது என் உறுதியான கருத்து.

நான் ஒருங்கிணைப்புக் குழுவில் இருந்த ஒரு சிறுவர் நாடக விழா, அப்படியொரு மேடையில் நடந்தது. திடலின் மேற்கு ஓரத்தில் மேடை. பார்வையாளர் அனைவரும் மேற்கு நோக்கி உட்கார வேண்டும். மாலை ஐந்து மணிக்குச் சூரியன் மேடைக்கு நேர் பின்னால் இறங்க, பெற்றோர் நெற்றியில் கைவைத்துக் கண்ணைச் சுருக்கியபடியே தங்கள் பிள்ளைகளைப் பார்த்தார்கள். மேடையைத் திருப்பிப் போட வழியில்லை. மின்சாரத்துக்காகத் திடலுக்கு வெளியே இருந்த ஓர் அறையிலிருந்து கேபிள் இழுத்து, நடைபாதையின் குறுக்கே ரப்பர் மூடி போட்டிருந்தோம். சக்கர நாற்காலியில் வந்த ஒரு மூதாட்டியால் அந்தச் சிறு மேட்டைக் கடக்க முடியவில்லை. இரண்டு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இப்படிச் சொன்னால், எதையும் கட்டாமல் வெறும் தரையாக விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் தரை எதற்கும் உதவாது. பல பயன்பாடுகளுக்கு இடம் கொடுக்கும் திடலில் பெரும்பகுதி வேலை தரைக்கு அடியில் நடந்திருக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் தரைமட்டத்திலேயே மூடி போட்ட மின்பெட்டிகள், தண்ணீர் இணைப்பு, கழிவுநீர் வெளியேறும் வழி, பந்தல்கால் நடுவதற்கான குழாய்க்குழிகள், சாமான் ஏற்றிய லாரியும் தீயணைப்பு வண்டியும் ஏறினாலும் உடையாத அடித்தளம் ஆகியவற்றைக் கல் பாவும் முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு போட நினைத்தால் பாவிய கல்லைப் பெயர்த்தாக வேண்டும். பெயர்த்த இடம் பழையபடி சேர்வது அபூர்வம்.

நடுவில் எதையும் நிலையாக நிறுத்தாமலேயே ஓர் இடம் எத்தனை வேடம் போடலாம் என்பதற்கு இத்தாலியின் சியேனா நகரச் சதுக்கம் நல்ல சாட்சி. 1349-இல் செங்கல் பாவி முடித்த அந்தத் தரை, சிப்பி போல ஒரு பக்கம் நோக்கிச் சரிகிறது. மழைநீர் வடியவும், பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியவும் அந்த ஒரே சரிவு உதவுகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை அதன் ஓரத்தில் மண் கொட்டிப் பரப்பிக் குதிரைப் பந்தயம் நடத்துகிறார்கள். மற்ற நாட்களில் மக்கள் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நம் காலத்திலும் உதாரணங்கள் உண்டு. பிரான்சின் போர்தோவில் 2006-இல் திறக்கப்பட்ட நீர்க்கண்ணாடித் தளத்தில் கருங்கல்மீது இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கே தண்ணீர் நிற்கும். வடித்துவிட்டால் அதே இடம் சமதளமான திடல். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2013-இல் அமைந்த பெந்தம்ப்ளைன் சதுக்கத்தின் பள்ளம், வெயில் நாளில் சுற்றிலும் படிகள் கொண்ட விளையாட்டுத் தளம். பெருமழையில் தண்ணீரைத் தேக்கும் குளம்.

இருக்கைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1970-களில் நியூயார்க்கின் சிறு சதுக்கங்களைப் படம் பிடித்து ஆராய்ந்த வில்லியம் ஒயிட், நகர்த்தக்கூடிய நாற்காலிகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கவனித்தார். உட்காருவதற்கு முன் நாற்காலியைச் சில அங்குலம் இப்படியும் அப்படியும் நகர்த்துவார்கள். கடைசியில் அது ஏறக்குறைய முன்பிருந்த இடத்திலேயே இருக்கும். அந்தச் சில அங்குலத்தில்தான் 'இது என் இடம்' என்ற உரிமையுணர்வு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 1992-இல் சீரமைத்துத் திறக்கப்பட்ட நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா இத்தகைய நாற்காலிகளையே நம்பியது. நாற்காலிகள் திருடுபோகும் என்ற அச்சத்தில் கல் இருக்கையைத் தரையோடு பதித்துவிட்டு, அது எந்த நிகழ்ச்சிக்கும் ஒத்துவராமல் தவிக்கும் இடங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நிகழ்ச்சி இல்லாத நாட்களையும் மறக்கக் கூடாது. ஆண்டில் அவையே அதிகம். மரங்கள், நிலையான இருக்கைகள், குடிநீர், கழிப்பறை எல்லாம் விளிம்பில் அமைந்தால் நடுப்பகுதி கூட்டத்துக்கும் விளிம்பு அன்றாடத்துக்கும் உதவும். அன்றாடம் மனிதர்கள் வராத திடலுக்கு நிகழ்ச்சி நாளில் மட்டும் உயிர் வந்துவிடாது.

அதனால் வடிவமைப்பாளர் வரைபடத்தை விரிக்கும் கூட்டத்துக்குப் போகும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அழகான மாலைநேரச் சித்திரத்தோடு, ஆளில்லாத ஒரு நண்பகலின் படத்தையும் கேளுங்கள். லாரி எந்த வழியாக உள்ளே வரும், சக்கர நாற்காலியில் வருபவர் எங்கே இருந்து பார்ப்பார், மாலை வெயில் யார் முகத்தில் அடிக்கும் என்று கேளுங்கள். மின்பெட்டியின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் விழாவன்று பக்கத்திலேயே ஒரு மின்பெட்டி இருந்தது. அதன் பூட்டுக்குச் சாவி யாரிடம் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.