பக்கத்தில் நின்று பார்த்தீர்களா?

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மருத்துவக் கல்லூரி வார்டில், நோயாளியின் கட்டிலருகே, ஒரு பேராசிரியர் ஒரு மாணவனைப் பார்த்துக் கத்தி, அவன் நோயாளியைப் பரிசோதித்து எழுதிய கேஸ் ஷீட்டைத் தூக்கி எறியும் வீடியோ. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், அதற்கு மேல் விவரிக்கப் போவதில்லை. ஆனால் அதன் கீழே சீனியர் டாக்டர்கள் போட்டிருக்கும் கமென்ட்களைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "எங்க காலத்துல கேஸ் ஷீட் ஜன்னல் வழியா பறக்கும்." "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒண்ணும் சொல்லக்கூடாது." இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

எனக்கு ஒரே கேள்விதான். "ஸ்ப்ளீன் தட்டுப்படலை சார்" என்று அந்தப் பையன் சொன்னான். நோயாளிக்கு அந்த மண்ணீரல் தொப்புள் வரை வீங்கியிருந்ததாம். சரி, அவன் சொன்னது தப்பு. அவன் எப்படிக் கை வைத்தான் என்று அந்தப் பேராசிரியர் பக்கத்தில் நின்று பார்த்தாரா? மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர்கள் யாராவது பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால், எதைத் திருத்துவதற்காக அந்தக் கத்தல்?

மெடிசின் போஸ்டிங், அதாவது பொது மருத்துவ வார்டுப் பயிற்சி, போன எல்லோருக்கும் தெரியும், ரொம்பப் பெரிதான மண்ணீரலைத் தவறவிடுவது சுலபம். இடது விலாவுக்குக் கீழே நேராகக் கையை வைத்தால், கை ஏற்கெனவே அதன் மேல்தான் இருக்கும். விளிம்பு எங்கோ கீழே கிடக்கும், விரலுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியாது. அதனால்தான் வலது அடிவயிற்றில் ஆரம்பித்து, நோயாளி மூச்சை இழுக்க இழுக்க, கொஞ்சம் கொஞ்சமாக இடது விலாவை நோக்கிப் போகச் சொல்கிறோம். இதைப் படித்து பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிவிடலாம். கைக்கு வருவதற்கு, பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்தாக வேண்டும். அந்தப் பையன் மேலே ஆரம்பித்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். அரை நிமிடத்தில் திருத்தியிருக்கலாம்.

நான் படித்தபோது எனக்கு அப்படித் திருத்திய ஒரு சீஃப், யூனிட்டின் தலைமை டாக்டர், இருந்தார். நான் நின்றபடி குனிந்து, மணிக்கட்டை மடக்கி வயிற்றைக் குத்திக்கொண்டிருந்தேன். "மண்டி போடும்மா. முன்னங்கை வயித்து மட்டத்துக்கு வரட்டும்" என்றார். என் கை மேல் அவர் கையை வைத்தார். "நீ போய்த் தேடாத. அவங்க மூச்சு இழுக்கும்போது அதுவா வந்து உன் விரலைத் தொடும், காத்திரு." வந்து தொட்டது. அந்தப் பள்ளத்தோடு கூடிய விளிம்பு இன்றும் என் விரலில் இருக்கிறது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் யூனிட்டில் கேஸ் எடுக்காமல், அதாவது நோயாளியிடம் விசாரித்துப் பரிசோதிக்காமல், யாரும் வந்ததும் இல்லை. பயமில்லாமல் ஒழுக்கம் வராது என்பவர்கள் அவரைப் பார்க்கவில்லை.

"ஓ.பி. கூட்டத்தைப் பார்த்துட்டுப் பேசுங்க மேடம்" என்பீர்கள். நானும் அதே ஓ.பி.யில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெட்டைச் சுற்றி இருபது பேர் நிற்கும்போது எல்லோரையும் பார்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஒருவரைப் பார்க்கலாமே? மற்றவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். நேரமில்லாத ஆசிரியர்களுக்காகவே 1992-ல் அமெரிக்காவில் நெஹரும் அவருடைய சக குடும்ப மருத்துவ ஆசிரியர்களும் ஒரு முறையை எழுதினார்கள், ஒரு நிமிட ஆசிரியர் என்று. முதலில் மாணவனே ஒரு முடிவைச் சொல்லட்டும். ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேள். பொதுவான ஒரு விதியைச் சொல்லிக்கொடு. சரியாகச் செய்ததைச் சொல். பிறகு தப்பைத் திருத்து. கத்துவதற்கு ஆன நேரம் இதற்குத் தாராளமாகப் போதும்.

"பசங்க வார்டுக்கே வர்றதில்ல, லைப்ரரில உட்கார்ந்து நீட் பி.ஜி.க்கு எம்.சி.க்யூ. போடறாங்க." மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குக் கொள்குறி வினாக்கள் பழகுகிறார்கள் என்கிறீர்கள். உண்மைதான். வார்டுக்கு வந்தால் இதுதான் கிடைக்கும் என்றால் எதற்கு வருவார்கள்? அந்த வீடியோவில் இருப்பவன் வார்டுக்கு வந்தவன். கேஸ் எடுத்தவன். தெரிந்ததை நேர்மையாகச் சொன்னவன். பக்கத்து மாணவன் சொல்வதைக் கேட்டு, விலாவுக்குக் கீழே "நாலு விரல் சார்" என்று ஒரு அளவைச் சும்மா சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். அடுத்த பேட்ச் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்? தட்டுப்படாததையும் தட்டுப்பட்டது என்று சொல்லத்தான். அந்தப் பொய்யோடு அவர்கள் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர், ஆவார்கள், இரவு டியூட்டியில் தனியாக நிற்பார்கள்.

2019 பேட்ச் முதல் புதிய பாடத்திட்டம் வந்தது. திறன் சார்ந்த கல்வி, மாணவன் செய்து பழகியதைக் குறித்துவைக்கும் லாக் புக், நோயாளியிடம் பேசும் முறைக்குத் தனி வகுப்பு, எல்லாம் வந்தது. லாக் புக் என்ன ஆகிறது? போஸ்டிங் முடியும் நாளில் மொத்தமாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள், மொத்தமாகக் கையெழுத்துப் போடுகிறோம். அந்தக் கையெழுத்துக்கு, இவன் செய்ததை நான் பார்த்தேன் என்று அர்த்தம். பார்த்தோமா? 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு நடத்திய ஆய்வில், நூற்றுக்கு இருபத்தைந்துக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். மாணவர்கள் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். அதைப் படித்த பிறகும், எதையும் தாங்கத் தெரியாதவர்கள், "தோல் மெல்லிசு" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

நான் மாணவர்களுக்குச் சலுகை கேட்கிறேன் என்று சிலர் சொல்வார்கள், எனக்குத் தெரியும். பாஸ் போடச் சொல்லவில்லை. தெரியாதவனை ஃபெயில் பண்ணுங்கள், ஆனால் பார்த்துவிட்டுப் பண்ணுங்கள்.

இவ்வளவு பேர் எழுதிவிட்டீர்கள், ஆசிரியர் பக்கம், மாணவர் பக்கம் என்று. கட்டிலில் கிடந்த அந்த அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. சேலையை விலக்கி, வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, இத்தனை கைகள் தொடுவதற்குச் சம்மதித்துப் படுத்திருக்கிறார். அவர் தலைக்கு மேலே கேஸ் ஷீட் பறக்கிறது. அவர் வயிற்றைக் காட்டித்தான் அந்தச் சத்தம். தனக்கு ஏதோ பெரிய ஆபத்து, அதைக் கண்டுபிடிக்காததால்தான் அந்தப் பையனுக்கு இவ்வளவு ஏச்சு என்று அவர் பயந்திருக்க மாட்டாரா? விசாரணைக் குழு போடச் சொல்கிறீர்கள், போடட்டும். அதற்கு முன்னால் யாராவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, உங்களுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கு, எதனாலன்னு பார்த்துட்டிருக்கோம்" என்று சொன்னார்களா?