லூசியானா பாரிஷ்கள் குறித்து ஒரு திருத்தம்

அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 'பாரிஷ்' எனப்படும் 64 நிர்வாகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்த 64 பாரிஷ்களும் இன்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மேற்பார்வையில் இருப்பதாகவும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாவட்ட நீதிமன்றம் உண்டு என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே சரியல்ல.

ஸ்பானிய ஆட்சிக்காலத் திருச்சபைப் பங்குகளின் (தேவாலய நிர்வாகப் பகுதிகளின்) எல்லைகளைப் பெரிதும் ஒட்டி 1807-இல் 19 பாரிஷ்கள் வகுக்கப்பட்டன என்பது உண்மைதான். ஆனால் அவற்றை வகுத்தது லூசியானா மாநிலமாவதற்கு முன் இருந்த ஆர்லியன்ஸ் பிரதேசத்தின் சட்டமன்றமே தவிர திருச்சபை அன்று. மற்ற மாநிலங்களின் கவுண்ட்டிகளைப் போல இவையும் முழுக்க முழுக்க அரசு நிர்வாக அலகுகளே. பல பாரிஷ்களில் சாலை, வடிகால் போன்றவற்றைக் கவனிக்கும் 'போலீஸ் ஜூரி'யும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றம்தான். காவல்துறையோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, மாவட்ட நீதிபதியின் அதிகார எல்லையும் பாரிஷின் எல்லையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. காடோ பாரிஷ் மட்டுமே முதலாம் நீதி மாவட்டம். ஆனால் 15-ஆம் நீதி மாவட்டத்தில் அகேடியா, லஃபாயெட், வெர்மிலியன் ஆகிய மூன்று பாரிஷ்கள் அடங்குகின்றன. அங்கே நீதிபதிகள் பொதுவானவர்களாக இருந்தாலும், சட்ட அமலாக்க அதிகாரியான ஷெரிஃபும் நீதிமன்ற எழுத்தரும் ஒவ்வொரு பாரிஷிலும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். வெர்மிலியனில் நிலம் வாங்கியவர் கிரயப் பத்திரத்தையும் அடமானத்தையும் பதிய வேண்டியது அந்த பாரிஷின் எழுத்தர் அலுவலகத்தில்தான். லஃபாயெட்டில் பதிந்தால் அது மூன்றாம் நபர்களை, அதாவது ஒப்பந்தத்தில் சேராத மற்றவர்களை, கட்டுப்படுத்தாது. மூதாதையர் ஆவணங்களைத் தேடுவோரும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: ஞானஸ்நானப் பதிவுகள் தேவாலயத்தில், சொத்துப் பதிவுகள் எழுத்தரிடம்.