அவள் ஓடவில்லை

நேற்றைய கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மனசு ஆறவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஆலிஸ் வாக்கரின் 'பூக்கள்' சிறுகதையைப் பற்றிப் பேசியவர், "அந்தச் சிறுமி மண்டையோட்டைப் பார்த்ததும் பயந்து, பூக்களைப் போட்டுவிட்டு ஓடுகிறாள், அத்தோடு குழந்தைமை போயிற்று" என்றார். அரங்கமே தலையாட்டியது. அவள் ஓடவில்லை. கதையில் அப்படி ஒரு வரியே கிடையாது.

600 சொல்லைத் தாண்டாத கதை அது, 1973-ல் வந்த தொகுப்பில் இருப்பது. மயோப், பத்து வயதுக் கறுப்பினச் சிறுமி. அடுத்தவர் நிலத்தை விளைச்சலில் பங்குக்கு உழும் குடும்பம். காட்டில் பூப் பறித்துக்கொண்டே போகிறவளின் குதிகால் ஒரு மண்டையோட்டில் சிக்குகிறது. பயப்படாமல் குனிந்து காலை விடுவிக்கிறாள். இளித்த பற்களைப் பார்த்ததும் சின்னதாக ஒரு கத்தல், அவ்வளவுதான். பிறகு ஆர்வத்தோடு சுற்றிப் பார்க்கிறாள். அந்தத் தலைக்குப் பக்கத்திலேயே ஒரு காட்டு ரோஜா. அதையும் பறிக்கிறாள்! குழந்தைமை மண்டையோட்டிலேயே போய்விட்டது என்றால், இந்த ரோஜாவைப் பறித்தது யார்?

குழந்தைமை போவது ரோஜாவைப் பறிக்கும்போது. வேரைச் சுற்றி வளையமாக மண் மேடிட்டிருக்கிறது. மக்கிப்போன சுருக்குக் கயிறு, அதுவும் ஏர்க்கயிறு. அவள் வீட்டிலும் இருக்கக்கூடிய கயிறு. மேலே ஓக் மரக்கிளையில் இன்னொரு துண்டு காற்றில் சுழன்றுகொண்டே இருக்கிறது. செத்துக் கிடந்தவன் அந்த நொடியில் கொல்லப்பட்டவன் ஆகிறான்.

"கதைக்குள் வரலாற்றை இழுக்காதே" என்பார்கள். கயிறு கதைக்குள்தானே கிடக்கிறது? கறுப்பினத்தவரை இப்படிக் கயிற்றில் தொங்கவிட்ட கும்பல் கொலையை நாடு முழுவதற்குமான கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 2022-ல்தான் வந்தது. "வாசக சுதந்திரம்" என்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இல்லாத ஓட்டத்தைச் சேர்ப்பது வாசிப்பே அல்ல.

வகுப்பில் இந்தக் கதையை நடத்துகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பூ வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடிட்டு, அங்கே அவள் கை என்ன செய்கிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். பறிக்கிறது, சேர்க்கிறது, கடைசியில் கீழே வைக்கிறது. நீலத்தையும் குறியுங்கள். அவள் கையில் நீலப் பூக்கள், செத்தவனின் உடையில் மிஞ்சியதும் நீல நூல். மயோப் என்ற பெயரிலேயே கிட்டப்பார்வை (myopia) இருக்கிறது. 'பூ என்றால் குழந்தைமை, எலும்பு என்றால் சாவு' என்று அகராதி போட்டுவிட்டால் இதில் ஒன்றும் கண்ணில் படாது.

நம் கதைகளுக்கும் இதைத்தான் செய்கிறோம். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையில் பிணமும் இல்லை, கயிறும் இல்லை. கதைசொல்லி மற்றக் குழந்தைகளுக்குக் கொடுத்து, தனக்குக் கிடைக்காத டைரியைத் தானே கொண்டுவந்து, தன் பெயரைப் போட்டு 'அன்பளிப்பு' என்று அவரையே எழுதச் சொல்கிறான் சாரங்கன். ஒரு சிறுவன் அன்பைக் கேட்டு வாங்கவேண்டி வந்த இடம் அது. அதை 'ஏக்கம்' என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம். கதையில் குழந்தை வந்தாலே மேலோட்டமாகப் படிக்கலாம் என்று யார் சொன்னது?

"போட்டுவிட்டு" என்றாரே, அதுதான் இன்னும் வலிக்கிறது. மயோப் எதையும் போடவில்லை. கல்லறை இல்லாத ஒருவனுக்குப் பத்து வயதுப் பெண் பூ வைக்கிறாள். அதற்கு அடுத்த வரியில்தான் கோடை முடிகிறது.